பிரான்சு தேசத்துப் பீங்கான் சுரூபங்கள்

கல்லினாலும் மரத்தினாலும் சமைந்த அர்ச்சியசிஷ்டவர்களின் சுரூபங்கள் பெரும்பாலும் கோயிலுக்கென எழுந்தவை. பிரான்சு தேசத்தாரின் பழைய பீங்கான் சுரூபங்களோ வீட்டுக்கென எழுந்தவை. சாண் அளவே உயரம், பால்போன்ற வெண்மை, ஆடையின் ஓரத்தில் பொற்கோடு, கை தவறின் நொறுங்கிப்போகும் மென்மை. அரசர் மாளிகையை அலங்கரிக்கவென்று தேடிய பொருள் எளியோர் இல்லத்திற் பக்திக்குரிய பொருளாய் அமைந்தது எவ்வாறு? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பீங்கான் செய்யும் வித்தை முதலில் சீனருக்கே உரியதாயிருந்தது. ஐரோப்பாவில் முதன்முதல் உண்மைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலை ஜெர்மனியிலுள்ள மைசன் நகரில் 1710-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பிரான்சுக்கு அவ்வித்தையின் விவரத்தை எழுதியனுப்பியவர் ஒரு குருவானவர். சீனாவில் மறைபரப்பிய சேசு சபைக் குருவாகிய தாந்த்ரகோல் என்பார், 1712-லும் 1722-லும் வரைந்த கடிதங்களில், பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண்ணையும் கற்பொடியையும் பற்றி விரித்துரைத்தார். எனினும் அம்மண் தம் நாட்டில் எங்குளது என்பதைப் பிரெஞ்சுக்காரர் அறிந்திலர். ஆதலின் கண்ணாடிப் பொருள் கலந்த மென்பீங்கானையே செய்துவந்தனர். வென்சேனில் 1740-இல் தோன்றி, 1756-இல் செவ்ருக்கு மாறிய புகழ்பெற்ற தொழிற்சாலையும் முதலில் அவ்வாறே செய்தது.

1768-ஆம் ஆண்டளவில் லிமோஜ் நகருக்குத் தெற்கே கயோலின் என்னும் அவ்வெண்களிமண் அகப்பட்டது. ஒரு வைத்தியரின் மனைவி துணி வெளுக்க உதவுமென்று கருதி எடுத்த மண்ணே அது என்பர். மூன்றாண்டுகளுக்குள் லிமோஜில் பீங்கான் சூளை எழுந்தது.

சுரூபம் செய்யும் முறை பொறுமை மிகவேண்டுவது. சிற்பி வடித்த மூலவுருவத்தினின்று பாரிஸ் சாந்தினால் அச்சுக்கள் எடுப்பர். தலை, கை, உடல் முதலியவற்றைத் தனித்தனி அச்சில் வார்த்து, களிமண் குழம்பு பூசி ஒட்டுவர். உள்ளே வெற்றிடமாதலால், சூடேறிய காற்று வெளிப்படச் சிறு துளை விடுவர். ஒருமுறை இலேசாகச் சுட்டு, பளபளப்பூட்டும் குழம்பிலே தோய்த்து, சென்டிகிரேட் அளவில் ஏறக்குறைய 1400 பாகை வெப்பத்தில் மீண்டும் சுடுவர். அப்பொழுது உருவம் ஆறிலொரு பங்கு சுருங்கும். நீட்டிய கை தாங்கலின்றேல் வளைந்துவிடும். வண்ணமும் பொன்னும் இதற்குப் பின்னரே பூசப்பெற்றுக் குறைந்த சூட்டில் வேகும். அவை மேற்பூச்சாதலின் காலப்போக்கில் தேய்ந்துபோதல் இயல்பு.

நிற்க. 1789-இல் மூண்ட புரட்சியின் பின் கோயில்கள் பல மூடுண்டன. 1801-இல் போப்பாண்டவரோடு நெப்போலியன் செய்த உடன்படிக்கையால் வழிபாடு மீண்டும் தழைத்தது. 1854-இல் அமலோற்பவக் கோட்பாடு அறிவிக்கப்பட்டதும், 1858-இல் லூர்து மலைக்குகையின் செய்தி பரவியதும் தேவமாதாவின் சுரூபங்களுக்குப் பெருவிருப்பத்தை விளைத்தன. அச்சினால் ஒன்றைப் பலவாக்கும் வசதியும் உடனிருந்தது. ஆகவே அரண்மனைப் பொருள் குடியானவரின் கணப்படுப்பின் மேற்பலகையிலும் இடம்பெற்றது.

அடியில் முத்திரையில்லாதவை இவற்றுள் மிகப்பல. சுரூபம் யாருடையதென்பதைக் கையிலுள்ள அடையாளமே உரைக்கும். திறவுகோல் ஏந்தியவர் இராயப்பர். லீலிமலர் தாங்கியவர் சூசையப்பர். சிறுமிக்கு நூல் கற்பிப்பவர் அன்னம்மாள். தொடைப்புண்ணைக் காட்டி நாயோடு நிற்பவர் கொள்ளைநோய்க்குக் காவலராகிய ஆரோக்கியநாதர்.

இவற்றில் ஒரு குறையும் உண்டு. ஆட்டிடைச்சியரையும் நடனமாதரையும் ஈன்ற சூளைகளே அர்ச்சியசிஷ்டவர்களையும் ஈன்றன. ஆதலின் வேதசாட்சியின் முகத்திலும் இளஞ்சிவப்புக் கன்னமும் புன்னகையுமே காண்கிறோம். ஆரோக்கியநாதரின் புண்ணோ ஒரு சிவப்புப் புள்ளியாய் ஒடுங்கிவிடுகிறது. துன்பத்தைச் சொல்லப் பீங்கான் நாணுகிறது என்றே கூறலாம்.

ஆயினும் தொழிலாளி விட்ட குறையைச் சில சுரூபங்களில் இல்லத்தார் நிரப்பியிருக்கின்றனர். பாதத்தின் பொன் அழிந்திருத்தலும், ஒடிந்த விரல் பசையால் ஒட்டப்பட்டிருத்தலும் பல தலைமுறையார் தொட்டெடுத்துத் துடைத்துப் போற்றியமைக்குச் சான்றாகலாம். இக்காலத்து வணிகர் சிலர் அவ்வடுக்களை மறைத்துப் புதுப்பொன் தீட்டி, விலையை உயர்த்த முயல்கின்றனர். அங்ஙனம் செய்யுமிடத்து உயர்வது விலையே, அழிவது வரலாறு. பழம்பொருளைக் காப்பவர் அதனைப் புதுப்பொருளாக்குதல் தகாது. பழைய சுரூபமொன்று நம் கைக்கு வருமாயின், தூசியை மெல்லத் துடைத்து, தேய்ந்ததைத் தேய்ந்தவாறே விடுவோமாக. அதனைப் பேணிய கைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.