புகை எழுப்பாத தீ

2023 ஜூன் இறுதியில் ரொறன்ரோ நகரம் சாம்பல் நிறப் புகைக்குள் கிடந்தது. 28ஆம் திகதி, உலகிலேயே காற்று மிக மோசமாக இருந்த பெருநகரங்களின் வரிசையில் அது முன்னால் நின்றது. யன்னலைத் திறக்காதீர்கள், பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள் என்று அறிவித்தல்கள் வந்தன. அங்கே உறவுள்ள மட்டக்களப்பு வீடுகளிலும் புகைதான் அந்த வாரத்துப் பேச்சு. எரிந்ததோ நகரத்தை ஒட்டிய காடு அல்ல. பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கியூபெக்கிலும் வட ஒன்ராறியோவிலும் உள்ள காடுகள்.

அந்த ஆண்டு கனடாவில் எரிந்த பரப்பு ஏறத்தாழ 150 இலட்சம் ஹெக்டேயர். இலங்கைத் தீவு முழுவதையும் அளந்தாலே 65.6 இலட்சம் ஹெக்டேயர்தான். மே முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில் கனடாவின் சராசரி வெப்பம் முந்திய முப்பதாண்டுச் சராசரியைவிட 2.2 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. நாசாவின் ஆய்வாளர் பிரெண்டன் பேர்னும் அவரது குழுவினரும் செய்மதி அளவீடுகளைக் கொண்டு, மே முதல் செப்டெம்பர் வரை அந்தத் தீ வெளியேற்றிய காபன் சுமார் 64.7 கோடித் தொன் என்று கணித்தார்கள். 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கணக்கு இது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓராண்டில் இதைவிடக் கூடுதலாகக் காபன் வெளியேற்றும் நாடுகள் மூன்றே மூன்று: சீனா, அமெரிக்கா, இந்தியா.

மண்ணுக்குள் எரியும் காடு

கனடா போன்ற குளிர்நாட்டுக் காடு எரிவதும் நம் பக்கத்துக் காடு எரிவதும் ஒன்றல்ல. படுவான்கரைக்கு அப்பால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பற்றைக்காடு எரிந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் சேனைக்கோ வேட்டைக்கோ புல் தளிர்க்கவோ வைத்த தீயாகவே இருக்கும். இலையும் சருகும் எரியும். மழை வந்ததும் பச்சை திரும்பும். கனடாவில் பெரும் பரப்புகளை எரிப்பது மின்னல் மூட்டும் தீ. அந்தக் காடுகளின் காபனில் பெரும் பகுதி மரத்தில் இல்லை, மரத்தின் அடியில் இருக்கிறது. குளிரிலும் ஈரத்திலும் சருகு முழுதாக மக்குவதில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாகப் படிந்து, கரிய கரிமண்ணாகவும் உறைநிலமாகவும் கிடக்கிறது.

வெப்பம் ஏறும்போது அந்த மண் காய்கிறது. காய்ந்த மண்ணுக்குள் இறங்கும் தீ, உமிக்குள் கனலும் நெருப்பைப் போல மேலே சுவாலை தெரியாமல் வாரக்கணக்கில் நகரும். சில இடங்களில் மாரி முழுவதும் பனிக்கு அடியில் கனன்று கிடந்து, வசந்தத்தில் மீண்டும் வெளியே வருகிறது. மரம் எரிந்தால் எழுபது, எண்பது ஆண்டுகளில் இன்னொரு மரம் அதே காபனை இழுத்துக்கொள்ளும். கரிமண் எரிந்தால் அதை மீட்க நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். சூடு தீயைக் கூட்டுகிறது, தீ காபனைக் கூட்டுகிறது, காபன் மறுபடி சூட்டைக் கூட்டுகிறது. இந்தச் சுற்று இறுகிவிட்டால் தீயணைப்பு விமானங்களால் அறுக்க முடியாது.

வாவிச் சேற்றின் கணக்கு

இதே வகைச் சேமிப்பு நம் காலடியிலும் இருக்கிறது. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் கரைகளில் கண்டல், கண்ணா, தில்லை ஆகிய மரங்கள் சேர்ந்த கண்டல் காடு நிற்கிறது. கனடாவில் மண்ணைக் காப்பது குளிர் என்றால், இங்கே காப்பது சேறு. நீர் தேங்கிய உவர்ச்சேற்றுக்குள் ஒட்சிசன் புகுவதில்லை. உதிர்ந்த இலையும் இறந்த வேரும் அரைகுறையாக மக்கி, அடுக்கடுக்காகப் படிகின்றன. இந்து–பசிபிக் வட்டாரத்துக் கண்டல் காடுகளை அளந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒரு ஹெக்டேயரில் சராசரியாக 1,023 தொன் காபன் இருப்பதாகச் சொன்னது. அதில் பெரும் பங்கு சேற்றுக்குள்.

நம்முடையது உலர்வலயத்து வாவி. ஆறுகள் பெருகும் தென்கிழக்காசியக் கழிமுகங்களின் ஆழமான சேற்றோடு அதை நிறுக்க முடியாது. அதனால் பாதியாகவே வைத்துக்கொள்வோம்: ஒரு ஹெக்டேயரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 500 தொன் காபன். அது முழுவதும் காற்றோடு கலந்தால் 1,800 தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு. இலங்கையில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தொன் என்பது கணக்கு. ஒரு சிறு கிராமம் ஓராண்டில் வெளியேற்றுவதை, கரையோரத்து இரண்டரை ஏக்கர் துண்டு மண்ணுக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

கண்டலை வெட்டி, வரம்பு கட்டி, நீரை வடித்தால் சேறு காய்கிறது. ஒட்சிசன் உள்ளே போகிறது. பல நூறாண்டுச் சேமிப்பு மெல்ல மெல்லக் காபனீரொட்சைட்டாகி வெளியேறுகிறது. வேதியியல் கணக்கில் இதுவும் எரிதலே. சுவாலை இல்லை, புகை இல்லை, ரொறன்ரோவில் போல யன்னலைச் சாத்தச் சொல்லும் அறிவித்தலும் இல்லை.

இந்தத் தீயை இந்நாடு பல வழிகளில் மூட்டியிருக்கிறது. போர்க்காலத்தில் பாதுகாப்பு என்ற பெயரில் மட்டக்களப்பு வீதியோரங்களில் நின்ற கண்டல்கள் வெட்டப்பட்டன. விறகுக்கும் வேலிக் கம்புக்கும் வெட்டு விழுந்தது. பிறகு வந்தது காணி ஆசை. கரையில் கிரவல் கொட்டி, பத்துப் பேர்ச் துண்டாக்கி, மதில் கட்டுவது. புத்தளம், சிலாபம் பக்கம் 1980களிலும் 90களிலும் கண்டலை அழித்து இறால் குட்டைகள் தோண்டினார்கள். வெண்புள்ளி நோய் வந்தபின் பல குட்டைகள் கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. கிழக்கில் இறால் பண்ணைத் திட்டம் பேசும் எவரும் முதலில் அங்கே போய்ப் பார்த்து வரவேண்டும்.

காபனை ஒரு பக்கம் வைத்தாலும் நட்டம் வாவிக்குத்தான். இறாலும் நண்டும் கொடுவாக் குஞ்சும் ஒளிந்து வளர்வது கண்டல் வேருக்குள். வீச்சுவலையோடு தோணியில் போகிறவருக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நட்டவை நிலைத்தனவா?

கண்டலின் பெறுமதி அரசுக்குத் தெரியாத விடயம் அல்ல. நாட்டின் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை இலங்கை 2015இல் அறிவித்தது. பொதுநலவாய நாடுகளின் கண்டல் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை தாங்குவதும் இலங்கையே. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகத்துக்கான முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது.

ஆனால் பெருமைக்கு முன் ஒரு பழைய பாடத்தைப் படிக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாடெங்கும் கண்டல் நடுகை நடந்தது. அதன் பின்விளைவை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்று இடங்களில் மட்டும்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. பிழையான இடம், பிழையான இனம், நட்டபின் கவனிப்பின்மை ஆகியவையே காரணம். கண்டல் மரத்தின் நீண்ட முளை கையில் எடுத்து ஊன்ற வசதியானது என்பதால், கண்ணா நிற்க வேண்டிய இடத்திலும் அதுவே ஊன்றப்பட்டது. நடுகை விழாவில் படம் எடுத்தவர்கள் மறு ஆண்டு திரும்பிவரவில்லை.

கண்டலுக்கு முதலில் வேண்டியது நீரோட்டம். முகத்துவாரம் திறந்து மூடும் ஒழுங்கோடு உவரும் நன்னீரும் கலந்து வந்துபோனால், விதை மிதந்து வந்து தானாகவே முளைக்கும். ஆகவே நடுகைக்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. நிற்பதை வெட்டாதிருப்பது முதலாவது. நிரவிய மண்ணை அகற்றி, அடைபட்ட வாய்க்கால்களைத் திறப்பது அடுத்தது. வாவியின் எல்லையை அளந்து, கல் நாட்டி, வரைபடத்தை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மக்கள் பார்க்க வைப்பதும் அவசியம்.

கனடாவின் காட்டுத்தீயை ஒட்டாவாவில் உள்ள அரசாங்கத்தால்கூட முழுவதும் அடக்க முடியவில்லை. நம் வாவிக்கரைத் தீயை அடக்க விமானம் வேண்டாம், கோடிக்கணக்கான பணமும் வேண்டாம். உங்கள் ஊர்க் கரையில் அடுத்த டிப்பர் கிரவல் இறங்கும் அன்றைக்கே படம் எடுங்கள். மீனவர் சங்கத்தின் கடிதத் தலைப்பில் முறைப்பாடு எழுதி, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.