நிழலில் எடுத்த அளவும் வெயிலில் நிற்கும் உடலும்

கோடையில் வானிலை அறிக்கைகள் வெளியிடும் வெப்பநிலை என்பது, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், வெயில் நேரடியாகப் படாத, ஆனால் காற்று தடையின்றிப் புகுந்து வெளியேறும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு மட்டுமே. அதே நேரத்தில் அதே ஊரில் திறந்த வெளியில் மண்வெட்டி பிடித்து நிற்பவரின் உடல் தாங்கும் வெப்பத்தை அந்த எண் சொல்வதில்லை, சொல்வதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. பக்கங்களில் சாய்வான மரச் சட்டங்கள் பொருத்திய இந்தப் பெட்டியை 1860களில் வடிவமைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன்; எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை அவர். வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாமல் தான் உள்வாங்கிய சூரியக் கதிர்வீச்சின் சூட்டைக் காட்டிவிடும் என்பதும், அப்படி எடுத்த அளவுகளை ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே ஒப்பிட முடியாது என்பதுமே பெட்டிக்கான காரணங்கள். காற்றை அளப்பவர்களுக்கு இது சரியான ஏற்பாடு. மனிதர்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்குத்தான் போதாத ஏற்பாடு.

இந்தப் போதாமை தெளிவாகப் புலப்படும் இடங்களில் ஒன்று, விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த செண்பகத்தோப்பு. 1988ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்தின் ஒரு பகுதியாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாகவும் விளங்கும் இந்தக் காட்டோரத்தில், கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் மரக்கூட்டத்தின் அடியிலும், அதிலிருந்து சிறிது தொலைவிலுள்ள திறந்த புஞ்சையிலும், அதற்கும் அப்பால் கான்கிரீட் தளங்கள் நெருங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் நகரங்களிலும் ஒரே நண்பகலில் உணரப்படும் வெப்பம் வெவ்வேறானது. இத்தனைக்கும் மர நிழலிலும் வெளியிலும் காற்றின் வெப்பநிலையை மட்டும் அளந்தால், வேறுபாடு பெரும்பாலும் சில டிகிரிகளைத் தாண்டுவதில்லை. நிழலுக்குள் வந்தவுடன் உடல் அடையும் பெரிய ஆறுதலுக்கும் வெப்பமானி காட்டும் சிறிய வேறுபாட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை விளக்க, காற்றின் சூட்டோடு வேறு மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது: காற்றிலுள்ள ஈரம், காற்றின் வேகம், கதிர்வீச்சு.

மனித உடலின் உட்புற வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கோடையில் தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சுற்றியுள்ள காற்று இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடலின் சூடு காற்றுக்குச் செல்கிறது. காற்று தோலைவிடச் சூடாகும்போது ஓட்டம் திசை மாறி, காற்றே உடலைச் சூடாக்கத் தொடங்குகிறது. அப்போது உடலுக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாக மாறும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆனால் வியர்ப்பது மட்டும் போதாது, வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடி வீணாகிறது.

ஒரு குறிப்பிட்ட சூட்டில் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வதே ஒப்பு ஈரப்பதம். சூடு ஏற ஏற இந்த அதிகபட்சமும் ஏறுவதால், காலை 26 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்துடன் இருந்த காற்று, அதிலுள்ள நீராவி கூடாமலும் குறையாமலும் பிற்பகலில் 38 டிகிரிக்குச் சூடேறினால், ஈரப்பதம் சுமார் 30 சதவீதமாக இறங்கிவிடும். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் எடுக்கும் ஈரப்பத அளவுகளில் காலை அளவை எடுத்து, பிற்பகல் மூன்று மணியின் உச்ச வெப்பநிலையோடு பொருத்திக் கணக்கிட்டு, ‘உண்மையில் உணர்வது 60 டிகிரி’ என்று பரப்பப்படும் செய்திகள் இந்த எளிய உண்மையைத் தவறவிடுகின்றன. மக்களை அச்சுறுத்துவதைத் தவிர அவற்றால் பயனில்லை.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் இணைத்து ஒரே எண்ணாகச் சொல்லும் முறைகளில் பரவலாக அறியப்பட்டது, ராபர்ட் ஸ்டெட்மன் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து அமெரிக்க வானிலைத் துறை உருவாக்கிக்கொண்ட வெப்பக் குறியீட்டெண். அதன்படி 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உணரப்படும் வெப்பம் சுமார் 39 டிகிரி; கடற்காற்று வீசும் தூத்துக்குடி போன்ற கரையோர ஊரில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் அது சுமார் 47 டிகிரி. செய்தித்தாளின் பட்டியலில் நான்கு டிகிரி குறைவாகக் காணப்படும் ஊரே உடலுக்கு அதிகம் சோதனை தருகிறது என்பதை இந்த ஒப்பீடு எளிதாக உணர்த்திவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 2023 முதல் சோதனை முறையில் நாட்டுக்கான வெப்பக் குறியீட்டெண் வரைபடங்களை வெளியிட்டு வருகிறது.

ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்துக்கு இந்த எண் முழுமையாகப் பொருந்துவதில்லை. அதன் கணக்கில் வருகிற மனிதர் சுமார் 170 சென்டிமீட்டர் உயரமும் 67 கிலோ எடையும் உள்ளவர், மெல்லிய காற்று வீச நிழலில் நடந்து செல்பவர். வெயிலில் வேலை செய்கிற ஒருவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. நேரடி வெயில் பட்டால் உணரப்படும் வெப்பம் மேலும் எட்டு டிகிரி வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைத் துறையே ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறது. அந்தக் குறிப்பு பெரும்பாலான கைப்பேசிச் செயலிகளில் இடம்பெறுவதில்லை. செண்பகத்தோப்பைச் சுற்றிய நிலப்பகுதியில் கோடையின் சுமை பெரிதும் ஈரத்தால் வருவதன்று, கதிர்வீச்சாலும் அனற்காற்றாலும் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் கேரளப் பக்கத்தில் மழையாகக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து டிகிரி வீதம் சூடேறுகிறது. இந்த உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் தெரிவதற்கு முன்பே ஆவியாகிவிடுவதால், உடல் இழக்கும் நீரின் அளவை உழைப்பவர் உணர்வதில்லை. கரையோரத்தில் சட்டை நனைந்து எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை, தலைச்சுற்றல்தான் முதலில் வருகிறது.

கதிர்வீச்சையும் சேர்த்து அளக்கும் முறை ஒன்று 1950களிலேயே உருவாகிவிட்டது. அமெரிக்கக் கடற்படைப் பிரிவின் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்ததைத் தடுப்பதற்காக வகுக்கப்பட்ட இம்முறையில் மூன்று வெப்பமானிகள் பயன்படுகின்றன: ஈரத்துணி சுற்றிய குமிழுடைய ஒன்று, கருப்பு வண்ணம் பூசிய உள்ளீடற்ற செப்புப் பந்துக்குள் வைத்த ஒன்று, நிழலில் வைத்த வழக்கமான ஒன்று. ஈரக்குமிழின் அளவில் பத்தில் ஏழு பங்கும், கரும்பந்தின் அளவில் பத்தில் இரண்டு பங்கும், வழக்கமான காற்று வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கும் கூட்டினால் கிடைப்பதை ஈரக்குமிழ்க் கரும்பந்து வெப்பநிலை என்று அழைக்கலாம். இந்த எண் காற்று வெப்பநிலையைவிடக் குறைவாகவே தோன்றும் என்பதால் அதைப் படிப்பதற்குச் சிறிது பழக்கம் வேண்டும்: வெப்பத்துக்குப் பழகிய ஒருவர் மிதமான உடலுழைப்பைத் தொடர்ந்து செய்வதற்குப் பன்னாட்டுத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 28 டிகிரி, கடும் உழைப்புக்கு 26 டிகிரி.

முன்னர் கண்ட அதே நாளை, அதாவது 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள அடிவாரப் பிற்பகலை, இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அப்போது ஈரக்குமிழ் சுமார் 24.4 டிகிரி காட்டும். மரத்தடியில் கரும்பந்தும் காற்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும் என்பதால் மொத்த அளவு 28.5 டிகிரியை ஒட்டி வரும். திறந்த வெயிலில் கரும்பந்து 52 டிகிரிக்கு ஏறினால் அதே அளவு 31 டிகிரியைத் தாண்டும். நிழலில் வரம்பை ஒட்டி நிற்கும் வேலை, நிழலை விட்டு நான்கு அடி தள்ளிச் செய்தால் வரம்பை மூன்று டிகிரி மீறிவிடுகிறது. அறிக்கையிலோ இரண்டு இடங்களுக்கும் 38 என்ற ஒரே எண்தான். மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்பவருக்கும், அதே கூலிக்குச் சாலைப் பணியில் கொதிக்கும் தாருக்கு அருகே நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே அடங்கியிருக்கிறது.

கூரைக்குக் கீழே வந்தவுடன் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுவதும் இல்லை. இராஜபாளையத்தில் 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலையின் காலத்திலிருந்து நூற்பு இவ்வூரின் முதன்மைத் தொழிலாக இருந்து வருகிறது. பஞ்சு இழை அறுபடாமல் ஓட வேண்டுமானால் நூற்புக் கூடத்தின் காற்றில் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும். எனவே வெளியே காற்று காய்ந்து கிடக்கும் நாளிலும் ஆலைக்குள் நீர்த்திவலைகள் கலந்து ஈரம் ஊட்டப்படுகிறது. அதாவது, மலையடிவாரத்தில் குடியிருக்கும் தொழிலாளி தன் வேலை நேரத்தைக் கடற்கரை ஊரின் காற்றில் கழிக்கிறார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் செயற்கையாக ஈரமூட்டுவதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றை வைத்திருந்ததன் காரணம் இதுவே. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா அடுப்படி இதற்கு நேர்மாறானது. அங்கே ஈரத்தைவிட, விறகு நெருப்பும் கொதிக்கும் வாணலியும் வீசும் கதிர்வீச்சே கிண்டுபவரின் முகத்தையும் கைகளையும் தாக்குகிறது. அண்டையிலுள்ள சிவகாசியின் பட்டாசு அறைகளில் பாதுகாப்பு கருதி மின்சாரமே அனுமதிக்கப்படாததால், மின்விசிறி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மின்விசிறியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வை ஆவியாவதை விரைவுபடுத்துகிறது. காற்று தோலைவிட மிகச் சூடாக இருக்கும்போது, அது தரும் நன்மையைவிட உடலின் மீது கொண்டுவந்து கொட்டும் சூடு அதிகமாகிவிடலாம். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவது இதனால்தான். தோலையோ துணியையோ நீரால் நனைத்துக்கொண்டால் நிலைமை மாறும். உடல் தரவேண்டிய நீரை வெளியிலிருந்து தருவதாக அது அமைகிறது.

உடலின் எல்லை எது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் நீண்ட காலமாக விடை தேடி வருகிறார்கள். 1905ஆம் ஆண்டிலேயே ஜே.எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களிலும் ஆய்வறையிலும் செய்த சோதனைகளிலிருந்து, அசைவற்ற காற்றில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால் உடலின் வெப்பம் ஏறத் தொடங்குகிறது என்று கண்டார். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எல்லையைக் கோட்பாட்டளவில் 35 டிகிரி என்று வைத்தது; 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் நலமான இளைஞர்களை நேரடியாகச் சோதித்து, ஈரக் காற்றில் அது 31 டிகிரியை ஒட்டியே இருக்கிறது என்றும், உலர் வெப்பத்தில் இன்னும் கீழே இறங்குகிறது என்றும் காட்டியது. உலர்ந்த ஊர்களில் ஈரக்குமிழ் குறைவாக இருப்பதைக் கண்டு அமைதி கொள்வதற்கு இந்த இரண்டாவது முடிவு இடம் தருவதில்லை.

அரசின் எச்சரிக்கைகள் இன்றும் காற்று வெப்பநிலையையே முதன்மையாகக் கொண்டவை. சமவெளியில் உச்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் அல்லது நேரடியாக 45 டிகிரியை எட்டியிருந்தால்தான் வெப்ப அலை என்று அறிவிக்கப்படுகிறது. ஓர் ஊரின் மே மாத வழக்கமே 37 டிகிரி என்றால், அங்கே 41 டிகிரி வெயில் அடித்தாலும் அந்தச் சொல் அறிக்கையில் வராது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு நான்கு லட்சம் ரூபாய் வழங்க வழிவகுத்தது, நல்ல முடிவுதான். ஆனால் பேரிடரை எந்த வெப்பமானி அடையாளம் காட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கைப்பேசி காட்டும் ‘உணரப்படும் வெப்பம்’ செண்பகத்தோப்பில் மேலும் ஒரு காரணத்தால் தடுமாறுகிறது. உலகளாவிய வானிலைக் கணினி மாதிரிகள் பூமியைச் சுமார் ஒன்பது கிலோமீட்டர் அல்லது அதற்கும் அகலமான கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம், ஒரு வெப்பநிலை என்று கணக்கிடுகின்றன. இங்கே அந்த அகலத்துக்குள்ளேயே சமவெளி முடிந்து மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்துவிடுகிறது. உயரத்துக்கேற்பத் திருத்தம் செய்தாலும், மரக்கூட்டத்தின் நிழலையும் இரவில் சரிவிலிருந்து இறங்கும் மலைக்காற்றையும் அந்தக் கணக்கு முழுமையாகப் பிடிப்பதில்லை.

கதிர்வீச்சின் பஞ்சாங்கமும் வெப்பநிலையின் பஞ்சாங்கமும் ஒன்றல்ல. மே மாதத்துக் கத்திரி வெயிலே கோடையின் உச்சம் என்று கருதப்பட்டாலும், ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி வட அட்சரேகையில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி. பிறகு வடக்கே சென்று திரும்பி ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் ஒருமுறை வருகிறது. ஆவணி மாதத்தில், மேகம் கலைந்த நாட்களில், கடலை பறிக்கவும் களையெடுக்கவும் புஞ்சையில் இறங்குபவர்களின் முதுகில் விழும் நண்பகல் வெயில் சித்திரை வெயிலுக்குச் சற்றும் குறைந்ததன்று. வெப்பத் தற்காப்பு அறிவுரைகளோ ஜூன் மாதத்தோடு நின்றுவிடுகின்றன.