மிளகுக் காசும் ஆறு இலக்கமும்

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இரத்தோட்டையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் மாமா தன் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, தபால் கந்தோர்ல பார்சல் வந்து கெடக்காம். வெலாசம் சரியில்லையாம். கொஞ்சூண்டு காசு கட்டச் சொல்றாங்க. கட்டவா?"

மகன் கட்டாரில் வேலை செய்கிறான். பார்சல் வராது என்று எப்படி நினைப்பார்? இந்த மோசடியின் சாமர்த்தியமே அதுதான். ஆயிரம் பேருக்கு ஒரே குறுந்தகவலை அனுப்பினால், பார்சலுக்காகக் காத்திருக்கும் பத்துப் பேராவது அதில் இருப்பார்கள். தன் பெயரில் போலித் தகவல்கள் உலாவுவதாகத் தபால் திணைக்களமே எச்சரித்திருக்கிறது.

அந்த இணைப்பைத் தொட்டால் என்ன நடக்கும் என்று மாமாவுக்குச் சொன்னேன். தபால் திணைக்களத்தின் இணையத்தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் கேட்கும். நீங்கள் இங்கே தட்டத் தட்ட, எங்கோ இருக்கும் ஒருவன் அதை வேறொரு கடையின் தளத்தில் தட்டிக்கொண்டிருப்பான். அங்கே வங்கி குறுக்கே வந்து, உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பும். அதுதான் ஓ.டி.பி. போலிப் பக்கம் அதையும் கேட்கும். தொகையைப் பார்க்காமல் காசோலையில் கையெழுத்துப் போடுவீர்களா, மாமா? அந்த இலக்கத்தைக் கொடுப்பதும் அதேதான்.

"பேங்குல இருந்து கேட்டா?"

எந்த வங்கியும் கேட்காது. அந்த இலக்கத்தை உருவாக்கியதே வங்கிதான். உங்களிடம் கேட்க அதற்கு என்ன தேவை?

வட்ஸ்அப்பிலும் இதே வித்தைதான். தெரிந்தவரின் பெயரிலேயே, "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்கம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று வரும். அனுப்பினால் உங்கள் கணக்கு அவன் போனுக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மச்சானிடம் கடன் கேட்பான்.

"அப்ப அரசாங்கம் என்னதான் செய்யுது?" மாமாவின் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவு 2006 இல் தொடங்கப்பட்டது. 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைந்தாலே ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் திருடன் வெளிநாட்டில் இருந்தால்? அதற்காகத்தான் 2015 இல் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. தெற்காசியாவில் முதலில் சேர்ந்த நாடு நாம்தான். சாட்சியத்தை அழியாமல் வைத்திருக்கும்படி மற்ற நாடுகளைக் கேட்க அது வழி செய்கிறது.

திருடன் எப்போதும் கடலுக்கு அப்பால் இருப்பான் என்றும் இல்லை. உக்குவளை, வத்தேகமை வழியாகப் போனால் குண்டசாலை. 2024 ஒக்டோபரில் அங்கே ஒரு ஹோட்டலில் இணைய நிதி மோசடிச் சந்தேகத்தில் சுமார் 120 சீனர்களைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். நமக்கு அடுத்த மலைதான்!

வங்கிகள் பக்கம், மத்திய வங்கியும் லங்கா கிளியரும் வங்கிகளின் சங்கமும் சேர்ந்து 2014 இல் நிதித்துறைக்கென ஒரு தனிப் பாதுகாப்புப் பிரிவை அமைத்தன. அடுத்த ஆண்டே, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசை உடனே அனுப்பும் செஃப்ட்ஸ் முறையும் வந்தது. நமக்கு வசதி, திருடனுக்கும் வசதி. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஒரு பையனின் கணக்கில் காசு விழும், அடுத்த நிமிஷம் வேறெங்கோ போகும். அதனால்தான் காசு போனால் பொலிஸுக்கு ஓடுமுன் வங்கியைக் கூப்பிட வேண்டும். முறைப்பாட்டை மத்தியானமும் எழுதலாம்.

அரசாங்கத்தின் சொந்த வீட்டுக் கதை கொஞ்சம் வெட்கமானது. 2023 ஓகஸ்டில் அரசின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. மென்பொருள் பழையது; வெளியே எடுத்துவைத்த பிரதியும் இல்லை. எனக்கு மாத்தளை அளுவிகாரைதான் ஞாபகம் வந்தது. வாய்வழியாக வந்த திரிபிடகம் அழிந்துவிடக்கூடாது என்று கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் அதை ஓலையில் எழுதியது இங்கேதான் என்பது மரபு. 1848 கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் ஏட்டுச்சாலை அழிந்தது. ஆனாலும் திரிபிடகம் அழியவில்லை. பிரதிகள் வேறு இடங்களில் இருந்தன. அந்தப் பாடம் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. ஓ.டி.பி. குறுந்தகவலில் பெரும்பாலும் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். ஏமாறாமல் தப்ப அதுவே கடைசி வாய்ப்பு. என் போனுக்கு அது வருவது ஆங்கிலத்தில். மாமாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், சிங்களம் பேசத் தெரியும். பூட்டைக் கொடுத்துவிட்டு, அது பூட்டியிருக்கிறதா என்று அறிய ஆங்கிலம் படி என்பது என்ன நியாயம்? விழிப்புணர்வுச் சுவரொட்டிக்குச் செலவிடுவதை விட, அந்த ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பினால் அதிகப் பலன் கிடைக்கும்.

மாமா குறுந்தகவலை அழித்தார். அவருடைய வட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுத்தேன். இனி ஆறு இலக்கம் கைமாறினாலும், அவர் மட்டும் அறிந்த இரகசிய இலக்கம் இல்லாமல் கணக்கு நகராது.

வாசிக்கும் நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் அட்டையின் பின்புறம் இருக்கும் வங்கித் தொலைபேசி இலக்கத்தையும், கணினி அவசரப் பிரிவின் 101 ஐயும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் கலண்டரில் ஒட்டிவையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், போனே பறிபோகும் நாளில் அது உதவாது.