ஒரு பிள்ளையும் ஓரத்தில் நிற்காத நாள்

டீ வரட்டும். இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

வெளிநாட்டுக் கிராமப் பள்ளிகளுக்குத் தொண்டராகப் போகிறவர்கள், ஊர் பழகி, பிள்ளைகளின் பெயர்கள் வாயில் நிற்கத் தொடங்கியதும், ஒருநாள் விளையாட்டு விழா நடத்த ஆசைப்படுவார்கள். நல்ல ஆசை. உடனே மனத்தில் வருவது கால்பந்துப் போட்டி. அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கால்பந்தில் ஒரு நேரத்தில் ஆடுவது 22 பேர். பள்ளியில் முந்நூறு பிள்ளைகள் இருந்தால் மிச்சப் பேர் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள். ஆடுகிற அந்த 22 பேரும் எப்போதும் ஆடுகிறவர்கள்தான். விழா நாளிலும் அவர்களே ஆடினால், மற்றப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு வேடிக்கை பார்க்கும் நாள்.

இதற்கு நல்ல விடை வைத்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை 'உந்தோகாய்' என்ற விளையாட்டு விழா நடக்கும். அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1874இல் டோக்கியோவின் ட்சுகிஜி பகுதியில் இருந்த கடற்படைப் பள்ளியில், ஆங்கிலேயப் பயிற்சியாளர்களின் முயற்சியால் நடந்த ஓட்டமும் தாண்டலும்தான் முதல் உந்தோகாய் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும் இதே ஆங்கிலப் பள்ளி மரபுதான் மூலம். ஆனால் ஜப்பானில் அது வேறு திசையில் வளர்ந்தது. அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றுக்குச் சொந்த மைதானம் கிடையாது. பல பள்ளிகள் சேர்ந்து ஆற்றங்கரைக்கோ திறந்த வெளிக்கோ நடந்துபோய் விளையாடின. பெற்றோர் சோறு கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். படைப் பயிற்சியின் சாயலும் அதில் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஊரே கூடும் நாளானதால், ஊரே ஆடக்கூடிய ஆட்டங்கள் மெல்ல மெல்ல அதில் சேர்ந்துகொண்டன.

ஜப்பான் அரசு 1965இல் வெளிநாட்டுத் தொண்டர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் குழு போனது லாவோஸுக்கு. மலாவிக்கு 1971 முதல் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன இடங்கள் பலவற்றில் இவர்கள் உந்தோகாயையும் நடத்திப் பார்த்தார்கள். மலாவி மாதிரியான நாட்டுக்கு அது ஏன் பொருந்துகிறது என்பதை அங்குள்ள வகுப்பறையிலிருந்து பார்த்தால் புரியும். 1994இல் மலாவி அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. அதுவரை சுமார் 19 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே வீச்சில் 30 இலட்சம் அளவுக்கு உயர்ந்தது. கட்டடங்களும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை. கீழ் வகுப்புகளில் ஓர் ஆசிரியர் முன்னால் நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அங்கே புதிதல்ல. அப்படியானால் நமக்கு வேண்டியது நூறு பேரும் ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய ஆட்டம்.

'தமாயிரே' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஓர் உயரமான கம்பத்தின் உச்சியில் கூடை. கீழே தரையெங்கும் கைக்கு அடக்கமான துணிப்பந்துகள். விசில் ஊதியதும் அணி முழுவதும் கம்பத்தைச் சுற்றி ஓடி, பந்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கூடைக்குள் எறிய வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மறுபடி விசில். எந்தப் பந்தை யார் போட்டார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தின் உயிரே அதுதான். குறி தவறியவனைக் கூட்டம் கண்டுகொள்ளாது. கால் ஊனமுள்ள பிள்ளை நின்ற இடத்திலிருந்தே எறியலாம், கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கொடுக்கலாம். ஆட்டத்தைவிட எண்ணுவது இன்னும் அழகு. இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் தங்கள் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து ஒரே நேரத்தில் வானத்தில் வீசுவார்கள். கூட்டம் முழுவதும் 'ஒன்று' என்று கத்தும். அடுத்த பந்துக்கு 'இரண்டு.' எந்தக் கூடை முதலில் காலியாகிறதோ அந்த அணி தோற்றது. அதுவரை வெற்றி யாருடையது என்று நடத்துகிறவருக்கும் தெரியாது. எண்ணத் தெரிந்த சிறு பிள்ளையிலிருந்து கிராமத்துப் பாட்டி வரை எல்லோருடைய குரலும் அதில் கலந்துவிடும்.

இதற்கான சாமான் ஒன்றும் கடைச் சரக்கு இல்லை. மூங்கில் கம்பு, உள்ளூர்க் கூடை, தையற்காரரிடம் மிஞ்சிய சித்தென்ஜே துணி போதும். சித்தென்ஜே என்பது மலாவியில் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பூப்போட்ட பருத்தித் துணி. பந்துக்குள் எதை அடைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜப்பானில் பயறு வகைகளைப் போட்டுத் தைப்பதுண்டு. மலாவியில் டிசம்பரிலிருந்து அறுவடை வரை பல வீடுகளில் சோளம் தீர்ந்துபோகும் காலம். அங்கே தானியத்தை விளையாட்டுச் சாமானுக்குள் அடைத்துத் தைப்பது மனம் ஒப்பாத காரியம். மரத்தூளோ கந்தலோ போதும். மணல் வேண்டாம், தலையில் விழுந்தால் வலிக்கும். விழா நாளும் இந்தக் கணக்கில்தான் குறிக்கப்பட வேண்டும். அறுவடை முடிந்து, மழை ஓய்ந்து, வெயிலும் தணிந்திருக்கும் ஜூன், ஜூலை மாதங்கள் நல்லவை. வயிறு காய்ந்த பிள்ளையை ஓடவிட்டுப் பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அணி பிரிப்பது அடுத்த வேலை. உந்தோகாயில் வழக்கமாகச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டே அணிகள். 12ஆம் நூற்றாண்டில் மோதிக்கொண்ட ஹெய்க்கே, கென்ஜி குலங்களின் கொடி நிறங்கள் அவை. வேறு நாட்டுக்குப் போனால் நிறத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். மலாவியில் மஞ்சள் ஒரு கட்சியின் நிறம், நீலம் இன்னொரு கட்சியின் நிறம். பிள்ளைகளின் கையில் மஞ்சள் நாடா கட்டினால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பது அங்குள்ள ஆசிரியருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவரிடமே கேளுங்கள். பிரிக்கும்போது கிராமவாரியாகவோ வகுப்புவாரியாகவோ பிரிக்காமல் எல்லாவற்றையும் கலக்க வேண்டும். தென் சூடானில் 2016 முதல் ஜப்பானின் உதவியோடு நடந்துவரும் தேசிய ஒற்றுமை நாள் விளையாட்டு விழாவில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் வெவ்வேறு இனக்குழு இளைஞர்களைத் தலைநகர் ஜூபாவில் ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். போர் பிரித்து வைத்த பிள்ளைகள் ஒரே இடத்தில் உண்டு உறங்குவதை அந்த விழாவின் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன். உங்கள் விழா சிறியதாக இருக்கலாம். இரண்டு கிராமத்துப் பிள்ளைகள் ஒரே வடத்தைப் பிடித்து இழுப்பதும் அந்த வகைக் காரியம்தான்.

வடம் என்றதும் ஓர் எச்சரிக்கை. எவ்வளவு அன்பாக நடத்தினாலும், வடமிழுத்தலைப் பொறுப்பில்லாமல் நடத்தினால் ஆபத்து. 1997 அக்டோபரில் தைப்பேயில் 1,600க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இழுத்த நைலான் வடம் அறுந்து, இரண்டு பேருக்குக் கை துண்டானது. மருத்துவர்கள் பிறகு அவற்றைப் பொருத்தினார்கள். நைலான் இழுபடும்போது நீண்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அறுந்தால் அவ்வளவும் சவுக்காகத் திரும்பிவரும். ஆகவே பருத்தி, சணல் போன்ற தடித்த நார்க் கயிறு வேண்டும். துணி காயப்போடும் கயிற்றை முறுக்கிச் சமாளிக்கக் கூடாது. கையில் சுற்றிக்கொள்ளவோ இடுப்பில் கட்டிக்கொள்ளவோ யாரையும் விடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு இருபது பேர் போதும், முறை வைத்து எல்லோரும் இழுக்கலாம். ஜப்பானில் நடக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் போகவும் கூடாது. 2015இல் ஒசாகா அருகே யாவோ நகரப் பள்ளியில் பத்தடுக்கு மனிதப் பிரமிடு சரிந்து மாணவர்கள் காயப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஒசாகா நகரம் தன் பள்ளிகளில் பிரமிடையே தடைசெய்தது.

மற்றவை சிறு விஷயங்கள். காலையிலேயே தொடங்கிவிடுங்கள். கிராமத் தலைவரை முதலில் பேசவிட்டு, பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். குடிதண்ணீர் மைதானத்தின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ரொட்டியை நூலில் தொங்கவிட்டு ஓடிவந்து கவ்வும் ஓட்டம் ஜப்பானில் பிரபலம். மலாவியில் மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரத்தைத் தொங்கவிடலாம். ஆனால் கவ்வத் தவறியவனுக்கும் கையில் ஒன்று கொடுத்தனுப்புங்கள். படம் எடுப்பதானால் பெற்றோரிடமும் பள்ளியிடமும் கேட்ட பிறகு எடுங்கள்.

விசில் யார் கழுத்தில் தொங்குவது என்பதுதான் கடைசிக் கேள்வி. அந்த ஜப்பானியத் தொண்டர்கள் ஓர் ஊரில் இருப்பது வழக்கமாக இரண்டு ஆண்டு. முதல் விழாவில் விசில் உங்களிடம் இருக்கட்டும், பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்கட்டும். இரண்டாவது விழாவில் விசில் அவரிடம், நீங்கள் பந்து பொறுக்குங்கள். கிளம்பும் முன் கம்பத்தின் உயரம், வடத்தின் நீளம், அணிக்கு எத்தனை பேர், எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து சிச்சேவா மொழியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வடத்தை எலி கடிக்காத இடத்தில் சுருட்டிவைத்து, சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.