அழைத்தால் வருவது யார்?

நம் பள்ளி முற்றத்தில் நின்று, "மேரி!" என்று ஒரு முறை உரக்க அழைத்துப் பாருங்கள். குறைந்தது பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுள் முதலில் ஓடி வருபவள்தான் நாம் தேடிய மேரி என்று சொல்ல முடியுமா? அருகில் நிற்பவள் முதலில் வருவாள், அவ்வளவுதான். பெயர் ஒன்று, ஆள் வேறு. கணிப்பொறியிலும் இதே வேடிக்கை நடக்கிறது. அதை நாங்கள் சற்றுக் கசப்பான முறையில்தான் கற்றுக்கொண்டோம். மற்றத் தோழியர்க்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறோம்.

கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ராசம் என்பவர், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது இதனை உருவாக்கி 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெயரைக் கேட்டதும் நமக்கு மலைப்பாம்பு நினைவு வரும். ஆனால் அவர் அப்பெயரை எடுத்ததோ, 'மான்ட்டி பைத்தான்' என்னும் ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து!

புரோகிராம் எழுதும்போது எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதி வைத்தவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். அப்படிப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் 'மாட்யூல்' என்று பெயர். கணக்குப் போட 'மேத்' என்ற மாட்யூல் உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பதுபோல ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 'ரேண்டம்' உண்டு. 'இம்போர்ட்' என்று எழுதி, பக்கத்தில் பெயரைக் குறிப்பிட்டால் போதும்; பைத்தான் அதைத் தேடிக் கொண்டுவரும்.

எங்கே தேடும்? அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஓட்டத்தில் ஏற்கெனவே எடுத்து வந்த மாட்யூலாக இருந்தால் மீண்டும் தேடாது. அடுத்து, பைத்தானின் உள்ளேயே கலந்து அமைந்துள்ள சில மாட்யூல்களைப் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் 'சிஸ் பாத்' என்னும் பட்டியலைக் கையில் எடுக்கும். தேட வேண்டிய ஃபோல்டர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். முதலில் நம் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர்; அடுத்து 'பைத்தான் பாத்' என்ற அமைப்பில் நாம் குறித்து வைத்த இடங்கள்; பிறகு பைத்தானுடனேயே வரும் பொது மாட்யூல்கள்; கடைசியாக, நாம் தனியே வாங்கிச் சேர்த்தவை. மேலிருந்து கீழாகப் பார்த்து, பெயர் பொருந்தும் முதல் இடத்திலேயே நின்றுவிடும். இன்னும் நல்லது கீழே இருக்கிறதா என்று பார்க்காது. எங்குமே இல்லையென்றால்தான், 'அப்படி ஒரு மாட்யூல் இல்லை' என்று கைவிரிக்கும்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஒரு பொது அறிவு வினாடி வினா செய்திருந்தோம். நாற்பது கேள்விகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கித் தரும் வேலை 'ரேண்டம்' மாட்யூலுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் இயக்கினால், 'ரேண்டம் மாட்யூலில் சாய்ஸ் என்று ஒன்று இல்லை' என்று திரையில் வந்து நின்றது! நேற்று இருந்தது இன்று எங்கே போயிற்று?

முந்தின நாள் மாலையில் அந்தக் கணிப்பொறியில் கடைசியாக உட்கார்ந்திருந்தவள் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. "நீதான் எதையோ அழித்துவிட்டாய்" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா" என்றாள். நாங்கள் நம்பவில்லை. அவள் கண்கலங்கி நின்றாள்.

அப்போது எங்கள் ஆசிரியை வந்தார்கள். "யார் கெடுத்தார்கள் என்று பிறகு பார்க்கலாம். வந்திருக்கும் ரேண்டம் எங்கிருந்து வந்தது என்று அதையே கேளுங்கள்" என்றார்கள். மாட்யூலின் பெயர், ஒரு புள்ளி, பின்பு இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் 'ஃபைல்' என்ற சொல். இதை 'பிரிண்ட்' செய்தால் முகவரி தெரியும். செய்தோம். வந்த முகவரி எங்களுடைய ஃபோல்டரேதான்!

நடந்தது இதுதான். வினாடி வினாவில் பங்கு பெறுவோரின் பெயர்ப் பட்டியலை எங்களில் ஒருத்தியே தட்டச்சு செய்து, 'ரேண்டம்' என்று பெயரிட்டு அதே ஃபோல்டரில் சேமித்து வைத்திருந்தாள். பைத்தான் முதலில் பார்ப்பது அந்த ஃபோல்டரை அல்லவா? அழைத்த பெயரில் அருகில் இருந்தது வந்துவிட்டது. உண்மையான ரேண்டம் தன் இடத்தில் பத்திரமாகவே இருந்தது. ஃபைலின் பெயரை மாற்றினோம். வினாடி வினா உடனே ஓடியது. பிறகு இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். ஃபைல் பெயரை மாற்றுவதைவிட அதுதான் கடினமாக இருந்தது.

தோழியர் நினைவில் வைக்க வேண்டியவை சில. பொது மாட்யூல்களின் பெயரை உங்கள் ஃபைலுக்கு வைக்காதீர்கள். வேறொரு ஃபோல்டரையும் தேட வேண்டுமானால் 'சிஸ் பாத்' பட்டியலின் கடைசியில் 'அப்பெண்ட்' மூலம் சேர்க்கலாம். தலைப்பில் சேர்த்தால் அது மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். இப்படிச் சேர்ப்பது அந்த ஓட்டம் முடியும் வரைதான், நிரந்தரமன்று. ஒவ்வொரு வேலைக்கும் வாங்கிச் சேர்த்த மாட்யூல்களைத் தனித்தனி அலமாரியில் வைப்பதுபோல் வைக்க 'வென்வ்' என்ற வசதி 2012இல் வந்த 3.3 பதிப்பு முதல் இருக்கிறது. 2024இல் வெளியான 3.13 பதிப்போ, இத்தகைய பெயர்க் குழப்பம் நேர்ந்தால் 'ஃபைலின் பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று தானே சொல்லிவிடுகிறது. எங்கள் கணிப்பொறியில் இருந்தது பழைய பதிப்பு. எனவே நாங்களே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

கணிப்பொறி பொய் சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறது. நாங்கள்தான் அதைக் கேட்காமல் ஒரு சிறுமியைக் கேட்டோம். இனி எது தவறினாலும், 'யார் செய்தார்?' என்று கேட்குமுன் 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்போம். நீங்களும் அப்படியே கேளுங்கள், தோழியரே!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி