வத்தல்மலைக்கு ஏறும் சாலை

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள வத்தல்மலை, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் அளவில் உயர்ந்த மேட்டுநிலமாகும். லடாக்கின் உம்லிங் லா கணவாய்க்கு 19,024 அடி உயரத்தில் சாலை அமைத்துள்ள நாட்டில் இவ்வுயரம் பெரிதன்று. எனினும், குறுகிய தொலைவுக்குள் நிலத்தின் இயல்பு இவ்வளவு விரைவாக மாறும் சாலைகள் தமிழகத்தில் சிலவே. அடிவாரத்தில் வெயிலில் காய்ந்த முட்புதர்களும் கரும்பாறைகளும் தென்பட, உச்சியிலோ சில்வர் ஓக் மரநிழலில் காபிச் செடிகள் வளர்கின்றன. அம்மரங்களிலேயே மிளகுக்கொடிகள் படர்கின்றன. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் என்னும் அளவில் வெப்பநிலை குறைவதே இம்மாற்றத்துக்கு முதன்மைக் காரணம்.

இவ்வேற்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், அதாவது சாலை வந்த திசைக்கே ஏறக்குறைய திரும்பிச் செல்லும் வளைவுகள், உள்ளன. இத்தகைய வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், அவ்விடத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம் கூடாது என்றும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்துள்ளது. திரும்பும் வண்டி இழுவையை இழக்காதிருக்கவே இவ்வேற்பாடு. இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்பதால், ஏறிய கியரிலேயே இறங்குவது ஓட்டுநர்களின் வழக்கம். குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்ட விதியுமாகும். ஆயினும் விடுமுறை நாளில் வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் இதை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

ஏனெனில் இச்சாலை முதலில் மலையாளிகளுக்கு உரியது. கேரளத்தவரைக் குறிக்கும் அதே பெயரைத் தாங்கினும், இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விளைவித்துப் பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு போன்ற ஊர்களில் வாழ்பவர்கள். வண்டிப்பாதை இல்லாத காலத்தில் விளைபொருளைத் தலைச்சுமையாகவும் நோயாளிகளைத் தூளி கட்டியும் இம்மக்கள் இறக்கினர். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இம்மலைக்கு வந்து அவர்களைச் சந்தித்தார். அதற்குப் பின்னரே அரசுப் பேருந்து மேலேறத் தொடங்கியது. மழைக்காலத்தில் மலைச்சரிவின் நீர் ஓரக்கால்வாயில் ஓடாமல் தார்மீது பாய்ந்தால், சாலையின் விளிம்பு அரித்துப் பேருந்தின் போக்குவரத்தே நின்றுவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் அக்கால்வாய்களைத் தூர்வாரி வைப்பது கட்டாயமாகும்.