நாம் கொடுப்பது எவ்வளவு? நமக்கு வருவது எவ்வளவு?



போன தீபாவளிக்கு முந்தின நாள். செம்மங்குப்பத்தில் எங்கள் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. "தமிழ்நாடு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது" என்று ஒருவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். என் அப்பா சிப்காட்டில் லோடு ஏற்றும் காண்ட்ராக்ட் கூலி. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் கூலிக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்டா தம்பி, நாமெல்லாம் வரி கட்டறமா? மீதி 71 பைசாவ யாரு எடுத்துக்கறா?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லேத் மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தால் பொளந்து கட்டியிருப்பேன். இதற்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்று தேட ஆரம்பித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நாமும் வரி கட்டுகிறோம்!

வருமான வரி கட்டுபவர்தான் வரி கட்டுபவர் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறோமே, அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 118 ரூபாய் கொடுத்தால் 100 கம்பெனிக்கு, 9 மத்திய அரசுக்கு, 9 மாநில அரசுக்கு. அம்மா வாங்கும் குளியல் சோப்பிலும் வரி உண்டு. முன்பு 18 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. ஆக, கூலி ஆளும் வரி கட்டுகிறார். ரசீதை யாரும் படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்!

பானையும் அகப்பையும்

மாநிலத்தின் 9 ரூபாய் இங்கேயே இருக்கும். மத்திய அரசின் 9 ரூபாய் ஒரு பெரிய பானைக்குள் போகிறது. வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி எல்லாம் சேரும் பானை அது. அதிலிருந்து மாநிலங்களுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று சொல்வது நிதிக்குழு. அரசியல் சட்டத்தின் 280ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படுகிறது. பானையில் நூற்றுக்கு 41 பங்கு மாநிலங்களுக்கு என்றது 15ஆவது நிதிக்குழு. 2026 முதல் 2031 வரைக்கான 16ஆவது குழுவும் அதையே சொன்னது.

நம் 9 ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 41 சதவீதம் என்றால் 3 ரூபாய் 69 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 15 பைசா! அதற்காக மீதியெல்லாம் போச்சு என்று சொல்லிவிடக் கூடாது. பிற மாநிலத்தார் போட்ட ரூபாயிலும் நமக்கு இதே அளவு பங்கு வருகிறதே!

ஆனால் நம் அகப்பை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது உண்மை. 10ஆவது நிதிக்குழு (1995-2000) நமக்குக் கொடுத்தது 6.637 சதவீதம். 11ஆவதில் 5.385, 12ஆவதில் 5.305, 13ஆவதில் 4.969, 14ஆவதில் 4.023, 15ஆவதில் 4.079. 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஆறு பேர்.

ஏன் இப்படி? 15ஆவது குழு போட்ட 100 மார்க்கில் 45 மார்க் "தலைக்கு வருமானம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது" என்பதற்கு. ஏழை மாநிலத்துக்கு அதிகம், முன்னேறிய மாநிலத்துக்குக் குறைவு. முன்பு 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்துப் பார்த்தார்கள், 15ஆவது குழு 2011ஐ எடுத்துக்கொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செய்த மாநிலங்களுக்கு இது அடி. அதை ஈடுகட்டத் தனியாக 12.5 மார்க் வைத்தார்கள். 16ஆவது குழு நாட்டின் உற்பத்தியில் பங்களிப்புக்கு என்று 10 மார்க் புதிதாகச் சேர்த்தது. நமக்கு 4.097 ஆனது.

இன்னொரு சங்கதி. செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பவை இந்தப் பானைக்குள்ளேயே வருவதில்லை. பெட்ரோல், டீசலில் மத்திய அரசு எடுக்கும் வரியில் பெரும்பகுதி இந்த வகைதான். எனவே 41 என்பது மொத்த வசூலில் 41 அல்ல!

இரண்டு அமைச்சர்கள், இரண்டு கணக்குகள்

2024 ஜனவரியில் சென்னை வந்த மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 2014 முதல் 2023 வரை தமிழ்நாட்டிலிருந்து வந்த வரி 6.23 லட்சம் கோடி, திரும்பக் கொடுத்தது 6.96 லட்சம் கோடி என்றார். அன்றைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு மறுத்தார். 6.23 என்பது நேரடி வரி மட்டும், ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை என்றார். வரிப்பங்கும் மானியமும் சேர்ந்து வந்தது 4.75 லட்சம் கோடிதான் என்றார். எதைக் கூட்டுவது, எதை விடுவது என்பதில்தான் சண்டையே இருக்கிறது நண்பர்களே!

புகை இங்கே, கணக்கு எங்கே?

எங்கள் ஊரை ஒட்டி சிப்காட். ராத்திரியில் காற்று திரும்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தூக்கம். இங்கே ஆலை நடத்தும் கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால், அதன் லாபத்துக்கான வரி மும்பைக் கணக்கில் எழுதப்படும். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்து வேறு மாநிலத்தில் சம்பாதிக்கும் கம்பெனியின் வரியோ நம் கணக்கில் ஏறும். ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு சரக்கு செய்த ஊருக்கு அல்ல, வாங்கிப் பயன்படுத்தும் மாநிலத்துக்கு. ஆகவே வரி வசூலான இடம் வேறு, உழைத்த இடம் வேறு. "29 பைசா" என்பதைத் திருக்குறள் மாதிரி ஒப்பிக்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

இன்ப்ளான்ட் டிரெய்னிங்கில் என்னோடு நின்ற பீகார் அண்ணனுக்கு என்னைவிட மூன்று வயதுதான் அதிகம். "எங்க ஊர்ல இந்த மாதிரி காலேஜ் பக்கத்துல இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். 15ஆவது குழுவில் பீகாருக்கு 10.058 சதவீதம். அவரைப் பார்த்த பிறகு அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னை கட்டும் வரியில்தானே நம் கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் ஓடுகின்றன? அவர்களும் "எங்கள் பணம்" என்று கேட்டால் நாம் என்ன ஆவோம்?

அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. மத்திய அரசின் நேரடிச் செலவு என்று ஒன்று இருக்கிறது. ரயில்வே அதில் ஒன்று. விழுப்புரம் - மயிலாடுதுறை பாதை 2010ல் அகலப்பாதை ஆனது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பாதை அதுதான். 2025 ஜூலை 8 காலையில் எங்கள் ஊர் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற இணைப்பு அப்போது அங்கே இல்லை. எத்தனை கோடி வந்தது என்று கேட்பது போல, அந்தக் கோடி எந்த கேட்டுக்கு வந்து சேர்ந்தது என்றும் கேட்க வேண்டாமா?

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். "இல்லாதவனுக்குக் குடுக்கறதுல தப்பு இல்லடா தம்பி. மேஸ்திரி புடிச்சிக்கற காசுக்கு நான் கணக்கு கேக்கறன் இல்ல? அது மாதிரி இதுக்கும் கணக்கக் காட்டிட்டு எடுக்கட்டும்" என்றார்.

நான் பத்து நாள் படித்ததை அப்பா ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்! நண்பர்களே, அடுத்த முறை கடையில் பில் வாங்கினால் கசக்கி எறியாதீர்கள். கடைசி இரண்டு வரியைப் படியுங்கள். அதில் நம் காசு இருக்கிறது. கணக்குக் கேட்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்